செம்புலம் என்னும் சொல்லும் செவல் மண்ணின் இயல்பும்

முல்லைத் திணையை அறிமுகப்படுத்தும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே செய்தியோடு நின்றுவிடுகின்றன: காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, செம்மண் பரந்த நிலமாதலின் அது செம்புலம் எனவும் வழங்கும். தேர்வுக்கு அவ்வளவு போதும். ஆனால் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்து வளர்ந்த மாணவர் ஒருவர் ‘காடு’ என்று படிக்கும்போது அவர் மனக்கண்ணில் தோன்றுவது புக்கிட் தீமாவின் மழைக்காடு. ‘செம்மண்’ என்று படிக்கும்போது தோன்றுவது ரப்பர்த் தோட்டத்துச் சாலையின் ஈரச் சிவப்பு. தானா மேரா என்ற ஊர்ப்பெயருக்கே மலாய் மொழியில் சிவந்த மண் என்பதுதான் பொருள். இவ்விரு காட்சிகளையும் ஒன்றாக்கினால் முல்லை நிலம் கிடைக்காது. மழைக்காட்டில் ஆயர் எங்ஙனம் ஆநிரை மேய்த்தனர் என்று மாணவர் எவரும் கேட்பதில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வியோ அதுதான்.

செம்மண் பரந்த மேய்ச்சல் நிலம் இன்றும் கண்ணுக்குத் தெரியும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு இவ்வுரையைத் தொடர்வோம். கொங்கு நாட்டில் காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் ஆகிய ஊர்களைச் சுற்றிக் கொறங்காடு எனப்படும் மேய்ச்சற் காடுகள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியாதலின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் அளவினதே. சிங்கப்பூரில் பெய்வதோ 2000 மில்லிமீட்டருக்கும் மேல். கிளுவை முள்வேலியால் சூழப்பட்ட நிலம், அதனுள் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள், நிழலில் காங்கயம் மாடுகளும் செம்மறிகளும். கொறங்காட்டின் தோற்றம் இவ்வளவே.

‘காடு’ என்ற சொல் கொங்குப் பேச்சில் அடர்வனத்தைக் குறிப்பதன்று. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். வாய்க்கால் பாய்வது வயல். வானம் பார்த்தது காடு. ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்றால் மானாவாரி நிலத்துக்குப் போயிருக்கிறார் என்பதே பொருள். நம் நாடுகளிலோ ‘தோட்டம்’ என்றதும் ரப்பரும் செம்பனையும் நினைவுக்கு வருகின்றன. சொற்கள் கடல் கடந்து வந்தன. அவை சுட்டிய நிலம் வரவில்லை. முல்லைக்குரிய காட்டை விளங்கிக்கொள்ள மழைக்காட்டைக் காட்டிலும் கொங்கு உழவரின் காடே நமக்கு நெருக்கமான வழிகாட்டி என்பது எம் கருத்து.

இனி மண்ணுக்கு வருவோம். கொங்கு உழவர் இதனைச் செம்மண் என்பதைவிடச் செவல் என்றே மிகுதியும் வழங்குவர். இரண்டும் செம்மை என்னும் ஒரே வேரின. கன்னடத்தில் இதே மண் கெம்மண்ணு. கன்னடத்தில் ‘கிவி’ தமிழில் ‘செவி’யானதும், ‘கெய்’ ‘செய்’யானதும் போல, முன்னுயிர்க்கு முன்னின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று. ஆகவே இம்மண்ணின் பெயர் தமிழும் கன்னடமும் பிரிவதற்கு முற்பட்ட வேரை உடையது.

சிவப்புக்குக் காரணம் இரும்பு. இப்பகுதியின் அடிப்பாறைகளான கருங்கல்லும் நைஸ் பாறையும் நெடுங்காலம் சிதையும்போது அவற்றிலுள்ள இரும்பு வெளிப்பட்டு உயிர்வளியோடு சேர்கிறது. ஈரமும் கடும் உலர்ச்சியும் மாறி மாறி வரும் வெப்பநிலத்தில் அது ஹேமடைட் என்னும் கனிமமாக நிலைபெறுகிறது. இரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மண்ணில் அதன் அளவு மிகச் சிறிதாயினும் துகள்தோறும் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுவதால் முழு மண்ணும் சிவந்து தோன்றுகிறது. எனவே நிறத்தைக் கொண்டு மண்ணின் வளத்தையோ வகையையோ முடிவு செய்ய இயலாது. தானா மேராவின் சிவப்பும் காங்கயத்தின் சிவப்பும் இரும்பால் வந்தவையே, மண்கள் வேறு.

வேறுபாடு நிறத்தின் கீழே இருக்கிறது. உழவர் வழக்கில் ‘மண்கண்டம்’ என்றொரு சொல் உண்டு. மேலிருந்து பாறை வரை மண் அமைந்திருக்கும் ஆழத்தையும் அடுக்கையும் அது குறிக்கும். அறிவியல் தமிழுக்கென ஒருவர் உட்கார்ந்து ஆக்கிய சொல்லன்று. கிணறு வெட்டியவர்களின் சொல். செவல் நிலத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்தால் மேலே ஒரு சாண் அளவு மணற்பாங்கான மண் இருக்கும். ஈரத்தில் பிசைந்தால் உருண்டை பிடிக்காமல் உதிரும். அதன்கீழ் நிறம் மேலும் அழுத்தமாகச் சிவக்கும். பிசைந்தால் விரலில் ஒட்டும். கயிறு போல் திரிக்கலாம். அதுதான் களி. அதற்கும் கீழே சரளை, பல இடங்களில் வெண்ணிறச் சுண்ணாம்பு முடிச்சுகள், பின்னர்ச் சிதைந்த பாறை.

மேலே இல்லாத களி கீழே எப்படி வந்தது? 0.002 மில்லிமீட்டரினும் சிறிய துகள்களையே மண்ணியலார் களி என்பர். மழைநீர் இறங்கும்போது இத்துகள்களைத் தன்னோடு ஏந்திச் சென்று, நீர் வற்றும் ஆழத்தில் விட்டுவிடுகிறது. பல்லாயிரம் மழைக்காலங்களில் மேல்மண் களியை இழக்கிறது, கீழ்மண் பெறுகிறது. இவ்வாறு அடியில் களி திரண்டு, சத்துகள் முற்றிலும் கழுவப்படாமல் எஞ்சியிருக்கும் மண்ணுக்கு, அமெரிக்க வேளாண் துறை 1975இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஆல்ஃபிசால் என்று பெயர். அலுமினியத்தின் முதலசையும் இரும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலொலியும் ஒட்டியது ‘ஆல்ஃப்’. செயற்கையான ஒட்டுதான், எனினும் மண்கண்டம் என்ற சொல் கையில் இருக்கும் மாணவருக்கு அதன் பொருளை விளக்குவது எளிது.

இந்த அமைப்பிலிருந்தே செவல் மண்ணின் குணங்கள் யாவும் பிறக்கின்றன. புல் மூடாத செவலில் மழைத்துளி விழும்போது மேற்பரப்பின் மண்கட்டிகள் உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்துவிடுகின்றன. வெயில் பட்டதும் அது ஓடு போல் இறுகுகிறது, அதுவே பொருக்கு. அடுத்த மழை அதன்மேல் வழிந்தோடிவிடும்; முளைக்கும் விதையும் அதனைத் துளைத்து வெளிவரத் திணறும். நீருக்கு ஏங்கும் நிலமே பெய்த நீரை உள்ளே விடாமல் தள்ளிவிடும் இந்த முரண்தான் வறண்ட செம்மண்ணின் தலையாய இடர். காய்ந்த செவலை ஏர் கீறாது. அடிக்களியில் கடப்பாரையும் பாடுபடும். மழை பெய்து ஓரிரு நாளில் வரும் ‘பதம்’ தவறினால் உழவு தவறும். பதம் என்ற ஒற்றைச் சொல்லில் ஈர அளவு, மண் இளக்கம், காலம் ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதை ஆசிரியர்கள் கருத வேண்டும்.

புல் இருக்கும் இடத்தில் நிலைமை மாறுகிறது. கொழுக்கட்டைப்புல்லின் தூர் மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. வேர் கீழிறங்கி நீருக்கு வழி திறக்கிறது. உள்ளே சென்ற நீரை அடிக்களி பிடித்து வைத்து, மழை நின்ற பின்னும் புல்லுக்குக் கொடுக்கிறது. இடர் செய்த களியே இப்போது துணை செய்கிறது. ஓரிடத்தையே ஓயாது மேய்த்தால் குளம்பு மிதித்துப் பொருக்கு திரும்பும் என்பதால்தான் நிலத்தை வேலியிட்டுப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கின்றனர். கணக்கேடுகளில் உழாத நிலத்துக்குத் ‘தரிசு’ என்று எழுதும் வழக்கம் உண்டு. கொறங்காட்டுக்கு அச்சொல் சற்றும் பொருந்தாது. தரிசு என்று அழைக்கப்பட்ட நிலத்தை வீட்டுமனையாக்குவதில் எவருக்கும் உறுத்தல் இருப்பதில்லை.

இங்குள்ள செம்மண்ணோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளியும். மலேசியாவின் பெருமழை மண்ணிலுள்ள சுண்ணச் சத்தை ஏறத்தாழ முழுமையும் கழுவிவிட்டது. ஆகவே அம்மண் புளிப்புத் தன்மையுடையது. காங்கயத்து மண்ணில் சுண்ணாம்பு முடிச்சாகவே கிடக்கிறது. அங்கே கழுவும் அளவுக்கு மழை இல்லை. கரிசலோடு ஒப்பிட்டாலும் இதனைத் தனித்தறியலாம். கோடையில் கை நுழையும் அளவு வெடிப்பது கரிசல். செவல் அவ்வாறு வெடிப்பதில்லை. அதன் களியில் நீர்பட்டு வீங்காத கயோலினைட் மிகுதி. சீனத்தில் பீங்கானுக்கு மண் எடுத்த காவ்லிங் என்னும் இடத்தின் பெயரே கயோலினைட் ஆயிற்று. கொங்கில் மேட்டில் செவலும் பள்ளத்தில் கரிசலும் அடுத்தடுத்து அமைவது பெருவழக்கு.

குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தம் உவமையால் அவர் செம்புலப்பெயனீரார் ஆனார். செம்புலத்தில் பெய்த நீர் மண்ணின் நிறத்தைப் பெற்று ஒன்றாவது போல, முன்பு உறவற்ற இருவர் நெஞ்சம் கலந்ததை அப்பாடல் சொல்கிறது. வகுப்பில் இதனை நிற ஒப்புமையாக மட்டும் விளக்குகிறோம். மண்ணியல் அறிந்தால் உவமை இன்னும் ஆழ்கிறது: நீரைச் சிவக்கச் செய்வது மணலன்று, இரும்பு பூசிய களித்துகள். மணல் நொடிகளில் அடியில் படிந்துவிடும். 0.002 மில்லிமீட்டர்த் துகள் அசையாத நீரில் 10 சென்டிமீட்டர் இறங்க 20 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். அதனினும் நுண்ணியவை நாள்கணக்கில் மிதக்கும். வடிகட்டும் துணியாலும் அந்நிறத்தைப் பிரிக்க முடியாது.

இதைச் சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டல் நன்று. ஒரு கண்ணாடிப் புட்டியில் கைப்பிடிச் செம்மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி, காலை முதல் பாடவேளையில் மேசைமேல் வைத்துவிடலாம். மணல் எப்போது படிந்தது, நீர் எவ்வளவு தெளிந்தது என்பவற்றை ஒவ்வொரு பாடவேளையிலும் மாணவரே குறித்துக்கொள்ளட்டும். குறுந்தொகைப் பாடலைக் கடைசிப் பாடவேளைக்கு வைத்துக்கொள்ளலாம். புட்டியில் நீர் அப்போதும் சிவந்தே இருக்கும்.