ரசீது இல்லாமல் பேட்டரி மாற்றாதீர்கள்

பினாங்கின் பாயான் பாரு அடுக்குமாடிகளில் முழங்கால் தேய்ந்த பெரியவர்கள் சிலருக்குச் சந்தைக்கும் கிளினிக்கிற்கும் போய்வர உட்கார்ந்து ஓட்டும் மின்வண்டிதான் துணை. வாங்கிச் சில வருடங்களானதும் வண்டி மேட்டில் திணறும், பாதி வழியில் நிற்கும். அதன்பின் நடப்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மகன் தெரிந்த ஆளிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். அந்த ஆள் ஒரு பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டுக் கையில் காசு வாங்கிக்கொள்கிறார். சில மாதங்களில் வண்டி மறுபடி நிற்கிறது. ஆள் போனை எடுப்பதில்லை. ரசீது கேட்டிருக்கலாமே என்றால், "தெரிஞ்ச பையன், எப்படிக் கேக்கிறது?" என்கிறார்கள்.

கேட்கத்தான் வேண்டும்.

இந்த வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஓடும்போது பழையது முதலில் வடிந்துபோகும். சார்ஜர் பார்ப்பதோ இரண்டின் மொத்த வோல்ட்டை. ஆகவே பழையது அளவுக்குமேல் சூடாகும், புதியது முழுதாக நிறையாது, இரண்டும் வீணாகும். ஒரே தயாரிப்பில், ஒரே கொள்ளளவில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அதற்கு முன் பேட்டரிதான் கெட்டதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால் நல்ல பேட்டரி 12.7 வோல்ட் அளவில் நிற்கும். பிறகு ஒருவர் வண்டியில் உட்கார்ந்து ஓட்டும்போதும் அளக்க வேண்டும். பச்சைக் களிம்பு பிடித்த முனையும் பழுதான சார்ஜரும்கூட இதே கோளாறைக் காட்டும்.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. ஈய-அமில பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் வைப்பவர்கள் பழைய சார்ஜரையே செருகுகிறார்கள். அது தீயில் முடியலாம். லித்தியத்துக்கு அதற்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும், அதில் தரச்சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டின் ஒரே வாசலை மறித்தோ படிக்கட்டடியிலோ வண்டியை நிறுத்திச் சார்ஜ் ஏற்றாதீர்கள். தீப்பிடித்தால் நீங்கள் ஓடவேண்டிய வழியும் அதுதான். தீப்பிடித்தால் நீங்கள் ஓடவேண்டிய வழியும் அதுதான். பியூஸ் போனால் கம்பியைச் சுற்றாதீர்கள். வண்டியைத் தள்ளுவதற்காகப் பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை விடுவித்தால் மோட்டாரின் பிரேக் பிடிக்காது. சரிவில் பெரியவரை உட்காரவைத்துக்கொண்டு அதைத் தொடவே கூடாது.

இனி உரிமை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பொருளை விற்றவரும் தயாரித்தவரும் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. "இந்த மாடல் பழசு, சாமான் வராது" என்று கடைக்காரர் கைவிரித்தால் பேச்சு முடிந்துவிடாது. விற்கும்போதே உதிரிப்பாகம் தரமாட்டோம் என்று உங்களுக்குத் தெரிவித்திருந்தால்தான் அவர் தப்பலாம், அதனால் பழைய பில்லின் பின்பக்கத்தையும் படியுங்கள். பழுதுபார்த்தவருக்கு 53ஆம் பிரிவு இருக்கிறது. சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும்.

இந்த உரிமையைக் கேட்குமிடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம். அலுவலகத்தில் 'திரிபுனல் துந்துத்தான் பெங்குனா' என்று கேளுங்கள். இது உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வக்கீல் தேவையில்லை. பிரச்சினை எழுந்த 3 வருடங்களுக்குள் மனுப் போட வேண்டும்.

போகுமுன் ஒன்று செய்யுங்கள். கடைக்காரருக்கு எழுத்தில், தேதி போட்டு, என்ன கோளாறு, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு மன்றத்தின் 'போராங் 1' என்ற மனுப் பாரத்தை நிரப்ப வேண்டும். பலர் தடுக்கி விழுவது எதிர்த்தரப்பின் பெயரில்தான். பெயர்ப்பலகையில் உள்ள கடைப் பெயர் போதாது. எஸ்.எஸ்.எம். நிறுவனப் பதிவகத்தில் பதிவான பெயரும் முகவரியும் வேண்டும். ரசீது இருந்தால் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ரசீது, ரசீது என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். மனுவின் நகலை எதிர்த்தரப்பிடம் நேரிலோ பதிவுத் தபாலிலோ நீங்களே சேர்க்க வேண்டும். அவர் 14 நாளில் 'போராங் 2'இல் பதில் தர வேண்டும். விசாரணை நாளில் நீங்கள் போகாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். தீர்ப்பு வந்து 14 நாளில் அதற்குக் கட்டுப்படாமல் இருப்பது குற்றம்.

பாரத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் நிரப்ப வேண்டும். எழுபது வயதுப் பாட்டியிடம் "ஆன்லைனில் போடுங்கள்" என்று முகப்பு ஊழியர்கள் ஒரு வரியில் சொல்லி அனுப்பினால், எந்தத் துறையாக இருந்தாலும் அது சேவையல்ல. திரும்பி வந்துவிடாதீர்கள். ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில், பழையவர்கள் கிரீன் லேன் என்பார்களே அங்கே, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. காகிதங்களோடு போய் ஆலோசனை கேளுங்கள்.

வியாபாரத்துக்கென்றே செய்த சரக்கு மின்வண்டி வைத்திருப்பவருக்கு இந்த மன்றம் பொருந்தாமல் போகலாம். தனிநபர் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் 164ஆம் பாரத்தில் 5,000 ரிங்கிட் வரை கேட்கலாம்.

கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியோரம் வைக்காதீர்கள். ஈயமும் அமிலமும் உள்ள அது, 2005ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் எஸ்.டபிள்யூ. 102 என்று பட்டியலிடப்பட்ட பொருள். வழக்குக்கு வேண்டியதில்லை என்றானதும் புதிய பேட்டரி விற்ற கடையிலேயே ஒப்படைத்து, திரும்பப் பெற்றதாக ரசீதில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.