நோய் திரும்பிய பிள்ளையும் புதிய மருந்தும்

"நம்மட புள்ளய வெச்சா மருந்து பரிசோதிக்கப் போறாங்க?" இரத்தப் புற்றுநோய் ஒருமுறை குணமாகி, மறுபடி தலைகாட்டிய பிள்ளைகளின் உம்மா வாப்பாமார் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். 'பரிசோதனை' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

1948இல் பொஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினொப்டெரின் கொடுத்த 16 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பத்துப் பேருக்கு நோய் தணிந்தது, ஆனால் நிலைக்கவில்லை. இன்று வசதியுள்ள நாடுகளில் குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகையில் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கிறார்கள். சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இங்கே வந்து சேர்ந்தோம். நோய் திரும்பிவிட்டால் மட்டும் கதை இன்னும் கடினம்.

முதற்கட்டச் சோதனை கேட்பது 'குணமாகுமா' என்றல்ல, 'எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும்' என்று. இரண்டாம் கட்டம், நோயில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும். மூன்றாம் கட்டம், வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும். பெற்றோர் முதற்கட்டத்தில் சேர்ந்துவிட்டு மூன்றாம் கட்டத்தின் நம்பிக்கையை வைப்பதுதான் எனக்குக் கவலை.

ஒரு மூன்றாம் கட்டச் சோதனையைப் பாருங்கள். பிளினட்டுமொமாப் என்ற மருந்து ஒரு கையால் புற்றுக்கலத்தையும், மறு கையால் உடம்பின் காவல் கலத்தையும் பிடித்து இரண்டையும் சேர்த்துவைக்கும். அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில், நோய் முதல்முறை திரும்பிய 208 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பிள்ளைகளோடு இளவயதினரும் இருந்தார்கள். வெறும் மாத்திரை யாருக்குமில்லை. ஒரு பக்கம் கடும் கீமோ, மறுபக்கம் இந்த மருந்து. இரண்டு வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் கீமோப் பக்கம் சுமார் 58 சதவீதம், மருந்துப் பக்கம் 71. கடும் தொற்றுகளும் மருந்துப் பக்கம் மிகக் குறைவு. முடிவுகளைக் கண்காணித்த சுயாதீனக் குழுவின் சொற்படி, 2019இல் குலுக்கலை இடையிலேயே நிறுத்தினார்கள். அதனால் ஆட்கள் குறைந்து, நோய் திரும்பாமையில் கண்ட வித்தியாசம், முன்கூட்டி வைத்த கணித எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

கீமோப் பக்கம் விழுந்த பிள்ளைகள் இல்லாமல் இந்த விடை கிடைத்திருக்காது. அவர்களும் அன்றைக்குத் தெரிந்த நல்ல சிகிச்சையைத்தான் பெற்றார்கள்.

ஆகவே கையொப்பம் வைக்குமுன் கேளுங்கள்: இது எந்தக் கட்டம்? சேராவிட்டால் என்ன சிகிச்சை? இடையில் விலகலாமா? விளங்குகிற வயதென்றால் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊசி ஏறுவது அதன் கையில்தானே.