தச்சரின் மூக்கும் வைத்தியரின் வினாவும்

மூக்கடைப்பை நோயென மதிப்பவர் நம்மிற் சிலரே. தடிமன் என்போம், பீனிசம் என்போம், ஆவி பிடித்துவிட்டு அலுவலைப் பார்க்கப் போவோம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், மூக்கறையினுள் தோன்றும் அரிய புற்றுநோய்களும் இதே எளிய வேடத்தைப் பூண்டு வருகின்றன என அறிந்தபோது நான் திடுக்குற்றேன். தடிமன் இரு பக்கத்தையும் வருத்தும். சில நாளில் விலகும். ஒரு பக்கம் மட்டும் வாரக்கணக்கில் அடைபட்டு இரத்தமும் கசியுமாயின், அது ஐயத்துக்குரியது.

இவ்விடயத்தில் என் நெஞ்சைவிட்டு அகலாதது இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரத்துச் செய்தி. சில்டேர்ன் குன்றுகளின் பீச் மரத்தாற் கதிரை செய்வதிற் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே காது, மூக்கு, தொண்டைச் சத்திரவைத்தியராயிருந்த எஸ்மி ஹட்பீல்ட் அம்மையார், மிக அரிதாகவே காணக்கூடிய ஒருவகைச் சுரப்பிப் புற்றுநோய் தம்மிடம் வந்தோரிடையே மீண்டும் மீண்டும் தோன்றக் கண்டார். அவர்களிற் பலர் தளபாடத் தொழிலாளர். ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த மக்பெத், அச்செசன் முதலியோருடன் அவர் நிகழ்த்திய ஆய்வு, 1968இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. மெருகெண்ணெய் அன்று, மரத்தூளே குற்றவாளி என்பதை அது சுட்டிற்று. மறு ஆண்டே பிரித்தானிய அரசு இதனைத் தொழில்நோயாக ஏற்றது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளுட் சேர்த்தது.

இன்று மூக்கினுள் உள்நோக்கிக் குழாயைச் செலுத்திப் பார்க்கின்றனர். சி.டி. படம் எலும்பின் அரிப்பைக் காட்டும், எம்.ஆர்.ஐ. படம், கட்டி எது, தேங்கிய சளி எது எனப் பிரித்துணர்த்தும். முடிந்த முடிபு திசுத்துண்டை நுணுக்குக்காட்டியில் நோக்குபவருடையது. இக்கருவிகளை நான் வியக்கிறேன். ஆனால் ஹை விக்கத்தில் நோயின் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு வினா. தொழில்நோய்கள் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் இரமாசினி, நோயாளியிடம் தொழிலையும் கேட்குமாறு அன்றே வற்புறுத்தியிருந்தார்.

அவ்வினாவைக் கேட்பதிலும் ஒரு நுட்பமுண்டு. தூளைச் சுவாசித்த பின் நோய் வெளிப்பட ஏறத்தாழ 40 ஆண்டுகள் செல்லலாம். இளமையில் வாளும் உளியும் பிடித்தவர் முதுமையிற் கடை வைத்திருப்பார், அல்லது ஓய்ந்திருப்பார். “என்ன தொழில்?” என்றால் இன்றைய நிலையையே சொல்வார். “முன்னர் என்ன தொழில் செய்தீர்கள் ஐயா?” என்று கேட்டாற்றான் பட்டறையின் கதவு திறக்கும்.