செலவின்றி ஒரு நாள்

கோடை விடுமுறையில் ஊர் செல்ல இயலாத ஆண்டுகளில், தில்லிவாழ் தமிழராகிய நாம் குழந்தைகளை வீட்டிலேயே அடைத்து வைக்க வேண்டுவதில்லை. குதுப் மினாரை அடுத்து, மெஹரோலியில் ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில், மரஞ்செடிகளிடையே தொல்லியற் பூங்கா ஒன்று உண்டு. மினாரைக் காணக் கட்டணம் உண்டு; பூங்காவிற்கு இல்லை.

இங்குள்ள சுல்தான் பால்பன் கல்லறை 13-ஆம் நூற்றாண்டினது. ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும் மெய்யான வளைவுகளுள், இந்தியாவில் எஞ்சியவற்றில் மிகப் பழையது இங்குள்ளதே என்பர்.

அருகே, 1506-இல் கட்டிய 'ராஜோன் கீ பாவ்லி' என்னும் படிக்கிணறு. நம் கோயிற் குளம் போலவே, நீர் தாழத் தாழப் படிகளும் உடன் இறங்கும். குளமும் ஊருணியும் காணாது வளரும் நம் குழந்தைகள், நீரைப் போற்றுவதில் தெற்கும் வடக்கும் ஒன்றே என்பதை இங்கு கண்ணால் காண்பர்.

வெயில் ஏறுமுன் கட்டுச்சோற்றுடன் புறப்படுவோம். கண்டறிந்த ஊர் அயலூர் ஆகாது.