பயிர் நோய்களைப் படமெடுப்பதற்கேற்ற டிஜிட்டல் காமிரா

நெற்பயிரின் இலைகளில் தோன்றும் புள்ளிகள் யாவும் ஒரே நோயினால் உண்டாவன அல்ல. குலை நோயின் புள்ளி இரு முனையும் கூர்ந்து, நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுமாய்க் கண் வடிவில் இருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளியோ எள் விதை போன்று சிறிய நீள்வட்டமாயிருக்கும். முன்னது தழைச்சத்து மிகுந்த வயலில் விரைந்து பரவும். பின்னது பெரும்பாலும் சத்துக் குன்றிய நிலத்தில் தலைகாட்டும். ஆகவே குலை நோய் கண்ட வயலில் யூரியா மேலுரமிடுவதை நிறுத்திவைத்தல் வேண்டும். செம்புள்ளி கண்ட வயலிலோ, மண் பரிசோதனைப்படி குறைந்துள்ள சத்தைக் கொடுத்தல் வேண்டும். குலை நோயைச் செம்புள்ளி என்றெண்ணி உரமிடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

இக்காலத்தில் குடியானவர்கள் நோய் கண்ட இலையைப் பறித்துக்கொண்டு வருவதற்குப் பதிலாகப் படமெடுத்து அனுப்புகின்றனர். காலத்தை மிச்சப்படுத்தும் நல்ல வழக்கமே இது. எனினும் வந்து சேரும் படங்களிற் பல, பச்சையின்மேல் பழுப்புக் கறை என்பதற்கு மேல் ஒன்றும் தெரிவிப்பதில்லை. அவற்றைக் கொண்டு மருந்து சொல்லுதல், நாடி பாராமல் வைத்தியம் செய்வதை ஒக்கும். இதற்குப் பரிகாரமாகப் பலர் அதிக மெகாபிக்ஸல் உள்ள காமிராவைத் தேடுகின்றனர். வியாபாரிகளும் அந்த எண்ணையே பெரிய எழுத்தில் காட்டுகின்றனர். படத்தின் தெளிவுக்குக் காரணமானவற்றுள் அதுவும் ஒன்றேயன்றி முதன்மையானதன்று.

12 மெகாபிக்ஸல் படம் என்பது குறுக்கே 4,000, நெடுக்கே 3,000 நுண்கட்டங்களால் ஆயது. 48 மெகாபிக்ஸலில் இவை 8,000, 6,000 ஆகும். எண் நான்கு மடங்காயினும் நுட்பம் இரு மடங்கே என்பது இதனால் விளங்கும். இனி, 12 மெகாபிக்ஸல் காமிராவில் 1 மீட்டர் அகலமுள்ள பயிர்ப்பரப்பு அடங்கும்படி எட்ட நின்று எடுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 4 கட்டங்களே கிடைக்கும். அதே காமிராவை 10 சென்டிமீட்டர் அகலம் மட்டும் அடங்கும்படி இலைக்கு அருகே கொண்டுசென்றால் 40 கட்டங்கள் கிடைக்கும். இப்பத்து மடங்கு லாபத்திற்குக் காசு செலவில்லை.

ஆனால் எல்லாக் காமிராக்களும் அவ்வளவு அருகிலுள்ள பொருளைத் தெளிவாய்க் காட்டமாட்டா. ஆதலால் வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு கிட்டத்தில் தெளிவு கிடைக்கும் என்பதே. 2019-ஆம் வருஷம் வெளிவந்த ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 என்னும் காமிரா 12 மெகாபிக்ஸலே உடையதாயினும், லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள பொருளையும் தெளிவாய்க் காட்டும். நீரும் அதனுள் எளிதிற் புகாது. கடைக்குச் செல்லுங்கால் நான்கு நெல்மணிகளைப் பையிற் கொண்டு சென்று, அவற்றைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நலம். உமியின் வரிகள் தெரிந்தால் அக்காமிரா நமக்கு உதவும். கையிலுள்ள செல்போனே இப்பரீக்ஷையில் தேறுமாயின் வேறொன்று வாங்குவது வீண் செலவு.

அடுத்தது, சென்ஸார் என்னும் ஒளியுணர் தகட்டின் அளவு. வாய் அகன்ற பாத்திரம் மழைநீரை அதிகம் ஏற்பதுபோல், பெரிய தகடு ஒளியை அதிகம் ஏற்கும். சாதாரணச் சிறு காமிராக்களில் இது ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. ‘ஓர் அங்குலம்’ என்று விற்கப்படுவது உண்மையில் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர்தான், ஆயினும் பரப்பில் முன்னதைப்போல் நான்கு மடங்கு. மாலை மங்கலில் வயல் முழுவதையும் எடுக்க இது மேலானது. இலையை மிக அருகில் எடுக்கும்போதோ, பெரிய தகட்டில் ஒரு மெல்லிய தளமே தெளிவாயிருந்து மற்றவை மங்கிவிடுதல் உண்டு. எனவே பகலில் நோய்க்குறிகளை எடுப்பதற்குச் சிறிய தகடு குறையன்று என்பது என் அபிப்பிராயம்.

டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயாகையால் அதற்காகப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. கை நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு பயனுள்ளதே. எனினும் காற்றில் ஆடும் இலையை அது நிறுத்தாது. இலையை விரல்களாற் பிடித்துக்கொண்டு, விநாடியில் 250-இல் ஒரு பங்கு நேரமோ அதனினும் குறைவாகவோ ஷட்டர் திறக்கும்படி எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் குடை நிழலிட்டு எடுப்பின் பளபளப்பு நீங்கும். லென்ஸின்மேல் படிந்த மருந்துத் துளியையும் புழுதியையும் மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதற்குப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கிராம அதிகாரிகள் பயிர்ச் சேதத்தைப் பதிவு செய்யுங்கால் இடமும் நேரமும் படத்திலேயே பதிதல் வேண்டும். செல்போன்களில் இவ்வசதி பொதுவாக உண்டு. தனிக் காமிராக்கள் பலவற்றில் இல்லை. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை போன்ற சேதங்களை 72 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டியிருத்தலால், காமிராவின் கடிகாரம் சரியாயிருக்கிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்வது அவசியம்.

படத்தை வாட்ஸ்அப் மூலம் அனுப்புவோர் அதைச் சாதாரணப் படமாக அனுப்பினால் கட்டங்கள் பெரிதும் குறைக்கப்பட்டு, பட்ட சிரமம் வீணாகும். ‘டாக்குமெண்ட்’ என்னும் வழியில் அனுப்பினால் எடுத்தபடியே வந்து சேரும். ஒவ்வொரு நோய்க்கும் வயலின் தோற்றம் ஒன்று, முழுச் செடி ஒன்று, அளவுகோலுடன் இலை ஒன்று ஆக மூன்று படங்கள் போதுமானவை.