வெள்ளைக் கோட்டோரம் – 9: நெட்டூனோவின் இடது கால்

ஜிஜி மெரோனியின் கதையைப் போன வாரம் முடித்தோம். 1984 ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதில் ரோமா அணியின் 7ஆம் எண் சட்டையோடு இறங்கிய புரூனோ கோந்தி யார் என்று தெரியாமல் அந்த இரவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவர் பிறந்த ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். 1982 உலகக் கோப்பை என்றதும் எல்லோர் வாயிலும் வருகிற பெயர் பாவ்லோ ரோஸ்ஸி. ஆறு கோல்கள், பிரேசிலுக்கு எதிராக மட்டும் மூன்று. அந்தப் புகழுக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் அந்த இத்தாலி அணியைத் தன் பாதியிலிருந்து எதிரணியின் பாதிக்கு நகர்த்திக்கொண்டு போனவர், 16ஆம் எண் சட்டை போட்டு வலது ஓரத்தில் ஓடிய கோந்திதான். ரோஸ்ஸி இல்லாவிட்டால் அந்த அணிக்குக் கோல் குறைந்திருக்கும். கோந்தி இல்லாவிட்டால் பந்தே முன்னால் போயிருக்காது.

ரோமுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது நெட்டூனோ. 1955 மார்ச் 13 அன்று கோந்தி அங்கே பிறந்தார். அப்பா கொத்தனார், வீட்டில் ஏழு பிள்ளைகள். கால்பந்து வெறி பிடித்த இத்தாலியில் இந்த ஊர் மட்டும் பேஸ்பாலுக்குப் பேர்போனது. அதற்குக் காரணம் போர். 1944 ஜனவரி 22 அன்று நேச நாட்டுப் படைகள் அன்ட்ஸியோ, நெட்டூனோ கரைகளில் இறங்கின. இரண்டே நாளில் அமெரிக்கர்கள் அங்கே தங்கள் வீரர்களைப் புதைக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த மயானத்தில் ஏறக்குறைய 7,800 கல்லறைகள் இருக்கின்றன. இறந்தவர்களை அடக்கம் செய்யவும் மயானத்தைப் பராமரிக்கவும் தங்கிய அமெரிக்கர்கள் ஓய்வு நேரத்தில் மட்டையையும் கையுறையையும் எடுத்தார்கள். ஊர்ப் பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே நெட்டூனோ அணி இத்தாலியின் சாம்பியன் ஆகிவிட்டது. சிசிலியிலிருந்து குடிபெயர்ந்த மீனவரின் மகனான ஜோ டிமாஜியோ, அமெரிக்க பேஸ்பாலின் மாபெரும் நட்சத்திரம், 1957இல் இந்த ஊருக்கு வந்து மட்டையைக் கையில் பிடித்தார். ஒரு போர்க்கள மயானத்தின் நிழலில் ஒரு விளையாட்டு வேர்விட்டு, ஓர் ஊரின் அடையாளமாகிப் போனதைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

கோந்தியும் அந்த ஊர்ப் பையன்தான். பதின்வயதில் அவர் பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்ச்சர். அதுவும் எப்படிப்பட்ட பிட்ச்சர்! அமெரிக்காவுக்கே அழைத்துப்போய் ஆட வைக்க ஆள் வந்தது. அப்பா சம்மதிக்கவில்லை, பையன் சின்னவன், அவ்வளவு தூரம் அனுப்ப மனம் வரவில்லை. அதே காலத்தில் கால்பந்துக் கழகங்களோ அவர் உடம்பைப் பார்த்துத் தயங்கின. வளர்ந்து முடித்தபிறகும் அவர் உயரம் 169 செ.மீ.தான். கால்பந்து ‘இந்த உடம்பு போதாது’ என்ற வயதில், ‘இந்தக் கை போதும்’ என்று சொன்னது பேஸ்பால்.

இதை அவருடைய ஆட்டத்தோடு முடிச்சுப் போடலாமா? கட்டுரையாளனின் ஆசை என்று சிலர் ஒதுக்கக்கூடும். நிரூபிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிட்ச்சரின் வேலை என்னவென்று பாருங்கள். ஒரே மாதிரி கையைச் சுழற்றி, வேறு வேறு பந்தை அனுப்ப வேண்டும். மட்டைக்காரர் முடிவெடுக்கும்வரை உடல் எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. கோந்தியின் பழைய ஆட்டப் படங்களில் தெரிவதும் அதுதான். இடது கால்காரரான அவர் வலது ஓரத்தில் பந்தை வாங்குவார், டிஃபெண்டருக்கு எதிரே கிட்டத்தட்ட நின்றுவிடுவார், இடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பார். உள்ளே வெட்டப் போகிறாரா, கோட்டோரமாகவே ஓடப் போகிறாரா என்பது டிஃபெண்டர் எடையை ஒரு காலுக்கு மாற்றும்வரை தெரியாது. மாற்றியதும் பந்து மறுபக்கம் போயிருக்கும். வேகத்தால் ஆளைத் தாண்டும் விங்கர்கள் பலர் உண்டு. இவர் காத்திருந்தே தாண்டினார். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த யாரிடமும் அது இந்த அளவுக்கு இல்லை.

ரோமா அணிக்காக, இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆவில், முதல் ஆட்டம் 1974 பிப்ரவரியில். பயிற்சியாளர் ஸ்வீடன்காரர் நில்ஸ் லீட்ஹோல்ம். அதன்பிறகு ஜெனோவாவுக்கு இரண்டு முறை கடனாக அனுப்பப்பட்டார். அங்கே இரண்டாம் பிரிவில்தான் ராபர்ட்டோ புரூட்ஸோவோடு பழக்கம். 1979இல் லீட்ஹோல்ம் ரோமுக்குத் திரும்பியபோதுதான் கோந்தியின் இடம் நிலைத்தது. அடுத்த ஆண்டே தேசிய அணி.

இனி 1982 ஸ்பெயின். முதல் சுற்றில் மூன்றும் டிரா. போலந்தோடு கோலே இல்லை. பெரு, கேமரூன் இரண்டோடும் 1-1. பத்திரிகைகள் கிழித்தன, அணி பத்திரிகைகளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டது. அந்தத் தடுமாற்றத்திலும் பெருவுக்கு எதிரான கோல் கோந்தியுடையது. இடது கால்காரர் அதை வலது காலால் தொலைவிலிருந்து அடித்தார். அர்ஜென்டினாவோடு நடந்த ஆட்டத்தில் ரோஸ்ஸியின் ஷாட்டை கோல்கீப்பர் ஃபில்லோல் தடுத்தார். சிதறிய பந்தைத் துரத்திப் பிடித்துப் பின்னால் தள்ளிக் கொடுத்தவர் கோந்தி, அடித்தவர் கப்ரீனி. பிரேசிலோடு ஐந்தாவது நிமிடத்தில் விழுந்த முதல் கோலை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். வலப்பக்கம் பந்தை வாங்கிய கோந்தி உள்ளே திரும்பி ஆட்களைக் கழற்றிவிடுகிறார். மொத்த பிரேசிலும் அவரை நோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வு முழுமையாகும்வரை பந்து அவர் காலிலேயே இருக்கிறது. பிறகு ஆளே இல்லாத இடப்பக்கத்தில் கப்ரீனிக்குப் போகிறது. அவருடைய கிராஸ், ரோஸ்ஸியின் தலை, கோல். கோல் கணக்கில் கோந்தியின் பெயர் எங்குமே வராது. அதே ஆட்டத்தின் மூன்றாவது கோல் அவர் அடித்த கார்னரிலிருந்து பிறந்தது. அரையிறுதியில் போலந்துக்கு எதிரான இரண்டாவது கோல், ரோஸ்ஸி குனிந்து தலையால் தட்டியது, கோந்தியின் கிராஸ். இறுதிப்போட்டியில் மேற்கு ஜெர்மனியின் பிரீகெல் அவரைத் தள்ளி வீழ்த்தியதால் கிடைத்த பெனால்டியைக் கப்ரீனி வெளியே அடித்தார். 81ஆவது நிமிடத்தில் ஜெர்மனி மொத்தமும் முன்னேறியிருந்தபோது வலது ஓரமாக ஓடிப்போய் அல்டோபெல்லிக்கு மூன்றாவது கோலை எடுத்துக் கொடுத்ததும் அவரே. இத்தாலி அடித்த 12 கோல்களில் ஆறில் அவர் கால் பட்டிருக்கிறது.

பயிற்சியாளர் என்ஸோ பெயர்ஸோட் வகுத்த முறைக்குத்தான் இந்தப் பெருமை, அந்த இடத்தில் யார் நின்றாலும் பந்து வந்திருக்கும் என்பார்கள். முறை முக்கியம் என்பது உண்மையே. இடது பின்வரிசையில் கப்ரீனி முன்னேறுவார். வலதுபக்கத்து டிஃபெண்டர் எதிரணி ஆளோடு ஒட்டிக்கொண்டிருப்பார். ஆகவே வலது ஓரம் முழுவதும், மேலும் கீழும், ஒரே ஆளின் பொறுப்பு. இத்தாலியில் அப்படி ஓடித் திரும்பும் விங்கரை டொர்னாந்தே என்பார்கள். ஆனால் அந்தப் பொறுப்பு யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தக்கூடியதல்ல. 1978இல் அதே ஓரத்தில் அழகாக ஆடிய ஃபிராங்கோ கௌஸியோ 1982 அணியிலும் இருந்தார். அவருக்குக் கிடைத்தது பெருவுக்கு எதிராக இரண்டாம் பாதியும் இறுதிப்போட்டியின் கடைசி நிமிடமும்தான். திரும்பி ஓடிப் பந்தைப் பறித்துவிட்டு அதே மூச்சில் எதிரணிக் கோட்டருகே போய் நிதானமாக ஏமாற்றும் ஆள் பெயர்ஸோட்டிடம் ஒருவர்தான் இருந்தார். இறுதிப்போட்டியின் அந்த 81ஆவது நிமிட ஓட்டத்துக்கு, நான்கு வாரத்தில் ஏழாவது ஆட்டத்தின் முடிவில், வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கோல் குறைவே என்று இன்னொரு குரல் வரும். தேசிய அணிக்கு 47 ஆட்டம், 5 கோல். இன்று வலது ஓரத்தில் இடது கால்காரரை நிறுத்துவது அவர் உள்ளே வெட்டிக் கோல் அடிப்பதற்காக. அந்த அளவுகோலால் கோந்தியை அளந்தால் அவர் சிறியவராகத்தான் தெரிவார். ஆனால் அவர் உள்ளே வெட்டியது பந்தை எதிரணியிடமிருந்து மறைத்து, சரியான நேரத்தில் இன்னொருவருக்குக் கொடுக்க. அந்த இடத்தில் இடது கால்காரரை நிறுத்துவதைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. அவருக்கு முன்பும் இருந்தார்கள். அதைப் பாஸ் கொடுக்கும் கலையாக இவ்வளவு தூரம் கொண்டுபோனவர் அவர் என்பதே என் கட்சி. ரோமாவில் பிரேசில்காரர் ஃபல்காவோ பக்கத்தில் இருந்ததால் பிரகாசித்தார் என்று ரோமா ரசிகர்களிலேயே சிலர் சொல்வதுண்டு. ஸ்பெயினில் ஃபல்காவோ எதிரணியில் நின்று கோலும் அடித்தார் என்பதே அதற்குப் பதில்.

1983இல் ரோமா 41 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டத்தை வென்றது. அதனால்தான் அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் உரிமை வந்தது. 1984 மே 30, இறுதிப்போட்டி அவர்கள் சொந்த மைதானமான ஒலிம்பிகோவில், எதிரில் லிவர்பூல். பின்தங்கியிருந்த ரோமாவுக்கு முதல் பாதி முடியும் தறுவாயில் சமன் செய்யும் கோல் கோந்தியின் கிராஸிலிருந்து, ஜெனோவாக் காலத்து நண்பர் புரூட்ஸோவின் தலையால் வந்தது. முடிவு பெனால்டிக்குப் போனபோது அதே கோந்தி கம்பத்துக்கு மேலே அடித்தார். அந்த ஒரு உதையை மட்டும் வைத்து அவரை எடைபோடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல, ரோமாவின் பெனால்டி வரிசையை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும்: டி பர்டோலோமெய், கோந்தி, ரிகெட்டி, கிராட்ஸியானி. அதில் ஃபல்காவோவின் பெயர் ஏன் இல்லை என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.