நாட்பட்ட வலியும் நமது அங்கத்தினர்களும்

கடன் பாக்கிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் ஆய்வாளரை எவரும் விரும்பி வரவேற்பதில்லை. ஈரோட்டுப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் அவ்வாறு ஓர் அங்கத்தினர் வீட்டுக்குச் செல்ல எனக்கு நேர்ந்தது. அவர் பல்லாண்டுகளாகத் தவணை தவறாதவர். கூலிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததில், மூன்று ஆண்டுகளாக அவர் நெய்து கொடுத்த போர்வைகளின் எண்ணிக்கை சிறுகச் சிறுகக் குறைந்து வந்திருந்தது. குடிப் பழக்கமாயிருக்கலாம் என்று சங்க அலுவலகத்தில் ஒருவர் மெல்லச் சொன்னார். உண்மை வேறு. குழித்தறியிலிருந்து எழுந்து நிற்கவே அவருக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் பிடித்தது. தறிக்காலில் ஒரு பழைய தகர டப்பா தொங்கிற்று. அதனுள் வலி மாத்திரைகள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என நான்கு ஆண்டுகளாக, எந்த வைத்தியரின் சீட்டும் இன்றிக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கி வந்திருக்கிறார். கணுக்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. பின்னர் மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது, சிறுநீரகங்கள் பழுதுபடத் தொடங்கியிருப்பது தெரியவந்தது.

பாக்கியைப் பற்றி அன்று நான் பேசவில்லை. அதற்குப் பின் சென்ற ஊர்களிலெல்லாம் தறிக்காலை உற்றுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அத்தகைய டப்பாக்கள் குறைவல்ல. நான் வைத்தியன் அல்லேன். வைத்தியர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் படித்தறிந்ததையும் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

முள் தைத்தால் உண்டாகும் வலி, புண் ஆறியதும் தானும் ஆறிவிடும். அது உடலைக் காக்கும் எச்சரிக்கை. மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கின்றனர். இது பெரும்பாலும் வேறு இயல்புடையது. திருடன் போய் நெடுநேரமான பின்பும், காற்றில் இலை அசைந்தாலே குரைக்கும் காவல் நாயைப் போல நரம்புகள் பழகிவிடுகின்றன. வலி பொய்யன்று; ஆனால் வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ முறிந்துகொண்டிருக்கிறது என்று பொருளுமன்று. 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு விஞ்ஞானிகள், வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில் தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு உண்டு என்று விளக்கினர். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்ப்பதும், தேய்த்ததும் வலி குறைவதும் இதனாலேயே. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அக்கதவைத் திறக்கவும் மூடவும் வல்லவை. அவர்கள் கூறிய விவரங்களிற் சில பின்னர்த் திருத்தம் பெற்றன. அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. தூக்கம் கெட்ட மறுநாள் முதுகு அதிகமாக வலிப்பதும், கடன்காரர் வந்துபோன அன்று தோள் இறுகிக்கொள்வதும் மனப்பிரமை அல்ல என்பது இதனால் விளங்கும்.

மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் முதலியவை, வீக்கத்தையும் வலியையும் தூண்டும் ஒருவகைப் பொருள் உடலில் உண்டாவதைத் தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்தினின்றும் காக்கிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் நிலைநிறுத்துகிறது. ஆதலால் முதுகுக்கென்று விழுங்கியது வயிற்றையும் சிறுநீரகத்தையும் சென்று தாக்குகிறது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர், நீரிழிவு உள்ளவர், வெயிலில் தண்ணீரின்றி உழைப்பவர், வயது முதிர்ந்தவர் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் மிகுதி. மாடுகளுக்கு இந்த டைக்ளோஃபினாக்கைக் கொடுத்து, அவை இறந்தபின் அவற்றின் உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன என்பது 2004இல் வெளியாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு இம்மருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மனிதன் கழுகல்லன் என்பது உண்மையே. வைத்தியர் அளவு கூறிச் சில நாட்களுக்கென்று கொடுத்தால் இம்மாத்திரை பயனுள்ளதே. அளவும் நாளும் அறியாமல் விழுங்குவதே கேடு. வாதத்துக்கு என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கப்படும் சூரணமும் மாத்திரையும் இதனினும் மோசம். இத்தகையவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல தடவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வெகுநாள் உண்டவர் அவற்றைத் திடீரென நிறுத்துவதும் அபாயம். வைத்தியரிடம் பொட்டலத்தையே எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.

மாத்திரை இல்லையென்றால் வேறென்ன? உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், வலியின் இயல்பை நோயாளிக்கு விளக்குதல், தேகாப்பியாசம், சில கைமுறைச் சிகிச்சைகள், மனத்துக்கான ஆலோசனை ஆகியவற்றை ஒருசேர அளிக்கலாம் என்று கூறுகிறது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, அபின் வகை மாத்திரைகள் ஆகியவை வழக்கமாக வேண்டா என்கிறது. நம் அங்கத்தினர்களிற் பலர் முதலில் பணம் செலவிடுவது பட்டைக்குத்தான்!

மேலே கூறிய அங்கத்தினரின் வழக்கம் பலருக்கும் பொதுவானது. தாங்க முடியாத வரையில் நெய்வார். பின் இரண்டு நாள் படுத்துவிடுவார். வலி தணிந்த அன்று, விட்டதையும் சேர்த்து நெய்வார், மறுபடி படுப்பார். ஒவ்வொரு தடவையும் தசை சற்றுத் தளர்கிறது, நரம்பு சற்றுக் கூர்மையாகிறது. இயன்முறை வைத்தியர் அவருக்குச் சொன்ன வழி எளியது: வலி சொல்லி எழாதே, கணக்கு சொல்லி எழு. எட்டாவது தார் ஓடும்போது வலி ஏறுகிறதென்றால், ஆறாவது தாரிலேயே குழியை விட்டு எழுந்து, இடுப்பைப் பின்னோக்கி வளைத்து, நான்கு நிமிஷம் நடந்துவிட்டு மீண்டும் இறங்க வேண்டும். வலி இல்லாத நாளிலும் ஆறுதான். இரண்டு வாரம் கழித்து ஏழு.

“நல்லா ஓடுற நேரத்துல எந்திரிக்கச் சொல்றாங்களே சார், கூலி போயிருங்களே” என்று அவர் என்னிடம் குறைப்பட்டார். அவர் குறை நியாயமானதே; சம்பளக்காரனாகிய நான் அதற்குப் பதில் சொல்ல வாயில்லாதவன். முதல் இரண்டு மாதங்கள் கூலி குறையத்தான் செய்தது. ஐந்தாம் மாதம் முதல் பதிவேட்டில் எண்ணிக்கை ஏறத் தொடங்கிற்று. படுத்துக் கிடந்த நாட்கள் இல்லாமற் போனதே காரணம்.

மாலையில் அரைமணி நேரம் நடக்கவும் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆஸ்திரேலியாவில், இடுப்பு வலி வந்து தணிந்த 701 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சியொன்று 2024இல் வெளியாயிற்று. முறையாக நடைப்பயிற்சி மேற்கொண்டோருக்கு வலி திரும்பிவர நடுத்தரமாக 208 நாட்களும், மேற்கொள்ளாதோருக்கு 112 நாட்களும் ஆயின. செலவு ஏதுமில்லாத சிகிச்சை என்பதனால் இதனை ஏளனம் செய்யலாகாது.

தறியையும் கவனித்தல் வேண்டும். மிதியை எட்டிப் பிடிக்கும்படி குழி ஆழமாயிருந்தால் இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் சரிகிறது. பாதத்தின் கீழ் மண்ணிட்டோ பலகையிட்டோ உயர்த்தலாம். உட்காரும் பலகை தாழ்ந்திருந்தால் முதுகு கூனுகிறது. மடித்த போர்வை ஒன்றே அதற்குப் போதும். இராட்டையில் தார் சுற்றும் பெண்மணிகளின் தோள்வலியை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் கை மாற்றிச் சுற்றவும், இராட்டையைச் சிறு பீடத்தின்மேல் வைக்கவும் பழகலாம். விவசாய அங்கத்தினர்களுக்குக் குனிந்த நிலையே பகை. வரிசை நடவு செய்த வயலில் நின்றபடி தள்ளும் கோனோ களைக்கருவி முதுகுக்குப் பெரிய உபகாரம். மூட்டையை இரண்டாகப் பிரித்துத் தூக்குவது வெட்கத்துக்குரியதன்று.

எண்ணெய் தேய்த்தலும் வெந்நீர் ஒற்றடமும் இறுகிய தசைக்கு இதம் தரும். ஒற்றடம் கொடுத்த கையோடு பயிற்சி செய்தால் எளிதாயிருக்கும். சித்த வைத்தியத்தை நாடுவோர் அரசு மருத்துவமனைகளிலுள்ள சித்தப் பிரிவுக்குச் செல்லலாம். உண்ணும் மாத்திரைகள் எல்லாவற்றையும் இரு வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யோகாசனம் நன்றே, ஆயினும் முதல் நாளே முன்குனிந்து காலைத் தொட முயல வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துக்கொள்க.

இவ்வளவு கூறியபின் ஓர் எச்சரிக்கை. முதுகு வலியோடு காலில் பலம் குறைந்தாலும், மலசலம் கட்டுப்படாமற் போனாலும், மறைவிடத்தில் உணர்ச்சி மரத்தாலும், காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ கண்டாலும், கீழே விழுந்தபின் வலி தொடங்கியிருந்தாலும் நடைப்பயிற்சி செய்துகொண்டிருத்தல் ஆகாது. தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சங்கங்களின் பொறுப்பும் இதில் உண்டு. தீபாவளிக்கு முந்திய இரு மாதங்களில் பாவுகளை ஒருங்கே கொடுத்து, நாள் குறித்துத் துணி கேட்பது நம் நிர்வாகங்களின் பழக்கம். இரவு பகலாக மிதிக்கும் அக்காலத்தில்தான் டப்பாக்கள் விரைவில் காலியாகின்றன. மேற்படி சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம், பாவுகளை ஆனி மாதம் முதலே பரவலாகக் கொடுக்கலாம் என்று எழுதினேன். நூல் வரத்தைப் பொறுத்தது என்று பதில் வந்தது, பாதியளவு செய்தனர். அந்த அங்கத்தினரின் தவணைக் காலத்தைப் பதினெட்டு மாதம் நீட்டித்துத் தீர்மானமும் நிறைவேற்றினர். சென்ற தடவை அவரைக் கண்டபோது, வலி போயிற்றா என்று கேட்டேன்.

“போகலீங்க சார். அதுபாட்டுக்கு இருக்குது, நானும் என் பாட்டுக்கு நெய்யறேன்” என்றார். சிறுநீரகத்துக்காக மூன்று மாதத்துக்கொரு முறை இரத்தம் கொடுத்துச் சோதித்து வருகிறார்.